தலைவருக்கு ஒரு பேனா, துணைத்தலைவருக்கு ஒரு பேனா: தருமபுரி, கிருஷ்ணகிரி ஊராட்சிகளில் அதிகாரம் எங்கே தேங்குகிறது

கிராம ஊராட்சித் தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவர் பதவிக்குக் கிடையாது. ஊராட்சி நிதியிலிருந்து காசோலை போக வேண்டுமானால் இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்கிறது 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பிரிவு 188. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால், ஒதுக்கீட்டில் வென்று வந்த பட்டியலினத் தலைவரோ பழங்குடித் தலைவரோ பதவியேற்ற கொஞ்ச நாளிலேயே ஏன் முட்டி நிற்கிறார் என்பது விளங்கிவிடும். தலைவரை ஊர் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். வார்டுகளில் எந்தச் சாதிக்குப் பெரும்பான்மையோ, துணைத்தலைவர் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருவார்.

சட்டத்தில் ஒரு மாற்று வழியும் இருக்கிறது. இருவரில் ஒருவர் இல்லாதபோது, மன்றம் தீர்மானம் போட்டு அதிகாரம் கொடுக்கும் இன்னொரு உறுப்பினர் கையெழுத்திடலாம். வெளியூர் போன துணைத்தலைவருக்கு இது சரி. ஊரிலேயே இருந்துகொண்டு, ‘அந்த வேலைக்கு நான் போட மாட்டேன்’ என்பவரை என்ன செய்வது? மாற்று உறுப்பினரை நியமிக்கவும் மன்றத்தில் பெரும்பான்மை வேண்டும். அந்தப் பெரும்பான்மைதான் இந்தத் துணைத்தலைவரைத் தேர்ந்தெடுத்தது. அதனால் தெருவிளக்குக்கு வாங்கிய பல்புக்கான பில் மாதக்கணக்கில் கிடக்கும். கடைக்காரர் தலைவரைத்தான் திட்டுவார்.

இப்போது ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியம் போன்ற பெரிய தொகைகள் காசோலையில் போவதில்லை. இ-கிராம் ஸ்வராஜ் தளம் வழியாக, டிஜிட்டல் கையொப்பத்தில் போகின்றன. கையொப்பம் பதிந்த சிறு கருவிக்கு ஊராட்சி அலுவலகங்களில் ‘டோங்கிள்’ என்றுதான் பெயர். இரண்டு கையெழுத்து என்பது இரண்டு டோங்கிள் ஆனதே தவிர முறை மாறவில்லை. புதிதாக ஒரு கோளாறு மட்டும் சேர்ந்துகொண்டது: டோங்கிளும் அதன் கடவு எண்ணும் ஊராட்சி செயலரிடமோ, ஊராட்சி ஒன்றிய அலுவலகக் கணினியில் உட்கார்ந்திருப்பவரிடமோ தங்கிவிடுகின்றன. பதவியேற்ற தலைவர் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது இரண்டு: டோங்கிளைத் தன் கையில் வாங்கிக் கடவு எண்ணை மாற்றுவது, தளத்தில் பதிவாகியிருப்பது தன் செல்பேசி எண்தானா என்று பார்ப்பது. பெண் தலைவர் என்றால் அங்கே கணவரின் எண் இருக்கும். குறுஞ்செய்தி அவருக்குப் போகும், ஒப்புதலும் அவரே தருவார், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் மனைவி.

நாற்காலி யாருக்கு என்று முடிவாவது எப்படி

73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி வந்ததுதான் 1994ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி முதல் தேர்தல் 1996இல் நடந்தது. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடங்கள். பெண்களுக்கு முதலில் மூன்றில் ஒரு பங்கு, 2016 திருத்தத்துக்குப் பிறகு பாதி. கல்வியிலும் வேலையிலும் 69 விழுக்காடு ஒதுக்கீடு வைத்திருக்கும் தமிழ்நாட்டில், உள்ளாட்சியில் பிற்படுத்தப்பட்டோருக்கென்று தனி ஒதுக்கீடு கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வட தமிழ்நாட்டு ஊராட்சிகளில் எண்ணிக்கை பலமுள்ள சாதிகளுக்கு அது தேவைப்படவில்லை. எண்ணிக்கையில் சிறிய வண்ணார், நாவிதர், குயவர் போன்ற சமூகங்களுக்குத்தான் அதனால் இழப்பு. பட்டியலினத் தொகுதியிலும் அவர்கள் நிற்க முடியாது, பொதுத் தொகுதியில் நின்றும் வெல்ல முடியாது.

2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்து மக்கள் சுமார் 15 லட்சம். அதில் பட்டியலினத்தவர் 16 விழுக்காட்டுக்குச் சற்று மேல், பழங்குடியினர் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கிருஷ்ணகிரியில் சுமார் 18.8 லட்சம் பேர். பட்டியலினத்தவர் 14 விழுக்காடு, பழங்குடியினர் 1 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் அதிகம். 2019 தேர்தல் நடந்தபோது தருமபுரியில் 251 கிராம ஊராட்சிகள், கிருஷ்ணகிரியில் 333. இரண்டு மாவட்டத்துக்கும் பத்துப் பத்து ஒன்றியங்கள்.

பட்டியலின மக்கள் விகிதம் அதிகமுள்ள ஊராட்சியிலிருந்து தொடங்கி இறங்குவரிசையில் இடம் ஒதுக்குகிறார்கள். அதே ஒதுக்கீடு இரண்டு பதவிக்காலம், அதாவது பத்தாண்டு, நிற்கும், பிறகு சுழலும். இந்தப் பத்தாண்டு விதி நல்ல விதி என்றே சொல்ல வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை சுழற்றினால், எஸ்டிமேட் என்ன, முடிந்த வேலையின் அளவை எழுதும் எம்.புக் என்ன என்று கற்றுக்கொண்டு தேறும் வேளையில் தலைவர் வெளியே போய்விடுவார். மறுபடி நிற்கலாம் என்ற வாய்ப்பு இருந்தால்தான் மக்களிடம் கணக்குச் சொல்லும் அவசியமும் இருக்கும்.

ஆனால் விகிதக் கணக்கு சிதறி வாழ்பவர்களுக்கு உதவாது. கிருஷ்ணகிரி மாவட்டத்து இருளர்கள் தளி, கெலமங்கலம் ஒன்றியங்களின் காட்டோரங்களில் சின்னச் சின்னக் குடியிருப்புகளாக இருக்கிறார்கள். ஓர் ஊராட்சியில் நூறு வீடு, அடுத்ததில் நாற்பது வீடு என்றிருந்தால், இறங்குவரிசையில் எந்த ஊராட்சியும் மேலே வராது. அவர்களுக்கு எட்டக்கூடிய இடம் வார்டு உறுப்பினர் பதவிதான். அதுவும் வார்டு எல்லையை எப்படி வரைகிறார்கள் என்பதைப் பொறுத்தது. குடியிருப்பு முழுவதும் ஒரே வார்டில் விழுந்தால் ஓர் உறுப்பினர் கிடைப்பார். நடுவில் கோடு போட்டால் இரண்டு வார்டிலும் சிறுபான்மை. தருமபுரியில் நிலைமை வேறு: அரூர் ஒன்றியத்துச் சித்தேரி, சிட்லிங்கி போன்ற பகுதிகளில் மலையாளி எனப்படும் மலைவாழ் பழங்குடிகள் பெரும்பான்மையாக இருப்பதால் தலைவர் பதவியே அவர்கள் கைக்கு வருகிறது.

வேட்புமனுச் செலவு பெரிய தடையல்ல. 2019இல் தலைவர் பதவிக்கு வைப்புத்தொகை 600 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 300. வார்டு உறுப்பினருக்கு 200, 100. தலைவர் வேட்பாளர் செலவழிக்கலாம் என்று வைத்த உச்சவரம்பு 34,000 ரூபாய். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் நான்கு ஓட்டு. தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள். வார்டு உறுப்பினரும் தலைவரும் கட்சிச் சின்னத்தில் நிற்க முடியாது. உண்மையான தடை இதற்கெல்லாம் முன்பே, ஊர்க்கூட்டத்தில் வருகிறது. கோயில் திருப்பணிக்கு யார் அதிகம் தருகிறாரோ அவரைப் போட்டியின்றி விடுவது என்று ஊர் பேசி முடித்துவிட்டால், ஓட்டுச்சீட்டின் நிறம் என்னவாக இருந்தால் என்ன? ஒதுக்கீட்டுத் தொகுதியிலும் இது நடக்கிறது: பெரிய பண்ணையில் வேலை செய்யும் குடும்பத்திலிருந்து ஒருவரை நிறுத்தி, எதிரே நிற்பவரை விலகச் சொல்வார்கள். இதற்கென்றே பட்டியலினத்தவர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், வேட்புமனு கொடுப்பதைத் தடுப்பதையும் கொடுத்த மனுவைத் திரும்பப் பெறக் கட்டாயப்படுத்துவதையும் குற்றமாக்கியது. ஊராட்சி உறுப்பினராகவோ தலைவராகவோ உள்ள பட்டியலினத்தவர் தன் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பது தனிக் குற்றம், பிரிவு 3(1)(எம்). காசோலை மறுப்பை இதன் கீழ் கொண்டுவருவது கடினம். அலுவலக அறையைப் பூட்டுவது, நாற்காலியில் உட்காரவிடாமல் செய்வது, கொடியேற்றவிடாமல் தடுப்பது ஆகியவற்றைக் கொண்டுவரலாம். 2022 சுதந்திர தினத்துக்கு முன்பு, பட்டியலினத் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

இருபது குக்கிராமத்துக்கு ஒரே சபை

கேரளத்தில் வார்டு தோறும் கிராம சபை. தமிழ்நாட்டில் ஊராட்சிக்கு ஒன்றுதான். ஊரகத்தில் வார்டு சபை என்று சட்டத்தில் இல்லை. சமவெளியில் இதனால் பெரிய தொல்லை வராது, மலையில் வரும். பென்னாகரத்தை அடுத்த வட்டுவனஹள்ளி ஊராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டூர் மலை, ஏரிமலை, அலகட்டு எல்லாம் அதில் அடக்கம். தேர்தலின்போது கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவுப் பொருட்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போவது பத்திரிகைகளில் படமாக வரும். தேர்தலுக்கு அரசே மலையேறுகிறது. கிராம சபைக்கு மக்கள்தான் இறங்கி வர வேண்டும். கெலமங்கலம் ஒன்றியத்துப் பெட்டமுகிலாளம் ஊராட்சியும் அப்படித்தான், காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள். ஒருநாள் கூலியை விட்டு, வண்டி கிடைக்காத பாதையில் நடந்து வந்து கூட்டத்தில் உட்கார்ந்தால், தங்கள் ஊர் பற்றிய பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அடுத்த தடவை யார் வருவார்கள்?

கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பு மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரையுள்ள ஊராட்சியில் 50 பேர் வர வேண்டும். 501 முதல் 3,000 வரை 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200. அதற்கு மேல் 300. தருமபுரியில் ஆள் கிடைப்பது எளிதல்ல. வீட்டுக்கு ஒருவராவது பெங்களூரில் கட்டட வேலையிலோ திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ இருப்பார்கள். அதனால் வருகைப் பதிவேடு கூட்டம் தொடங்கும் முன்பே தெருத்தெருவாகச் சுற்ற ஆரம்பிக்கும். நூறுநாள் வேலைக்குப் போனவர்களிடம் வேலைத்தளத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். எதற்கு என்று பாதிப்பேருக்குத் தெரியாது. கையெழுத்து முதலில், தீர்மானம் பிறகு என்ற வரிசைதான் பெரிய ஓட்டை. தீர்மானப் புத்தகத்தில் கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் அரைப்பக்கம் காலியாக விட்டிருந்தால், அங்கே பின்னால் எதையும் எழுதலாம். கூட்டத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடிய காரியம் எளிது: தீர்மானங்களை உரக்கப் படிக்கச் சொல்வது, வரிசை எண் போடச் சொல்வது, காலி இடத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடைக்கச் சொல்வது, பக்கத்தைச் செல்பேசியில் படமெடுத்துக்கொள்வது.

அரசு குறித்த நாட்கள் முன்பு நான்கு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறு. ஏழு நாள் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், ஊரறியச் சொல்ல வேண்டும். வழிபாட்டு இடங்களில் நடத்தக் கூடாது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு குக்கிராமத்தில் சுழற்சியாக நடத்த வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் மீறப்படுகிறது. கோயில் முன்பந்தல் நிழலாக இருக்கிறது, மைக் செட் பக்கத்திலேயே கிடைக்கிறது என்று அங்கேயே போடுவார்கள். காலனிப் பெண்கள் தெருமுனை வரை வந்து நிற்பார்கள். சுழற்சி நடக்கிறதா என்று பார்க்க முந்தைய ஆறு கூட்டங்களின் இடத்தைத் தீர்மானப் புத்தகத்திலிருந்து எழுதி எடுத்தாலே போதும். காலனியில் ஒருமுறைகூட நடக்கவில்லை என்றால், அந்தப் பட்டியலை ஒன்றியத்தின் கிராம ஊராட்சி பிடிஓவுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) மனுவாகக் கொடுக்கலாம். ஒன்றியத்துக்கு இரண்டு பிடிஓ உண்டு. வட்டார ஊராட்சி பிடிஓவிடம் கொடுத்தால் மனு மேசை மாறிக்கொண்டே இருக்கும்.

படிவம் 30 என்ற ஆண்டுக் கணக்குச் சுருக்கத்தைக் கூட்டத்தில் பேனராக வைப்பது வழக்கம். பேனரில் எழுத்து இத்தனூண்டு இருக்கும், காற்றில் மடங்கிக் கிடக்கும். அதில் முதலில் பார்க்க வேண்டியது மின் மோட்டார் பழுது, குழாய்ப் பழுது, தெருவிளக்கு ஆகிய மூன்று தலைப்புகளை. இவை டெண்டர் இல்லாமல் சின்னச் சின்ன பில்லாகப் போகிற செலவுகள். ஒரே மோட்டார் ஓராண்டில் எத்தனை தடவை காயில் கட்டப்பட்டது என்று டேங்க் ஆபரேட்டருக்குத் தெரியும்; பேனர் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

மொழி விஷயம் இங்கே தனி. தளி, கெலமங்கலம், வேப்பனஹள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். சுற்றறிக்கையும் தீர்மானமும் தமிழில் மட்டும் இருக்கும். பள்ளியில் கன்னட வழியில் படித்த ஒரு வார்டு உறுப்பினர் தமிழில் கையெழுத்துப் போடுவார், வாசிக்கத் தடுமாறுவார். அவருக்கு யார் படித்துச் சொல்கிறார்களோ, அவருடைய ஓட்டு அவர்களுடையது.

வன உரிமைச் சட்டம் இந்த இடத்தில் வேறு பாதை போட்டிருக்கிறது. பழங்குடிப் பகுதி என்று அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையின் கீழ் அறிவித்த பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. அதனால் பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் சிட்லிங்கிக்கும் பெட்டமுகிலாளத்துக்கும் பொருந்தாது. ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ், 2012 விதித் திருத்தத்துக்குப் பிறகு, குக்கிராம அளவிலேயே கிராம சபை கூட்டலாம். பெரியவர்களில் பாதிப்பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தச் சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடிகள், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இந்தச் சபையை ஊராட்சியின் கிராம சபையோடு குழப்பி, ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே ஒரு வரி எழுதி முடித்துவிட்டால், கோப்பு மேலே போனதும் குறைவெண் சரியில்லை என்று திரும்பி வரும். தனிப் பதிவேடு, தனி வருகைப் பட்டியல், குக்கிராமத்தின் பெயர் தலைப்பில் இருக்க வேண்டும்.

வால்வுச் சாவி

அதிகாரப் பரவல் என்றால் அரசியல் சட்டத்தின் பதினோராம் அட்டவணை ஊராட்சிகளுக்கென்று சொல்லும் 29 பொருள்களை ஒப்பிப்பார்கள். இரண்டு மாவட்டத்திலும் ஊராட்சி உண்மையில் ஆளும் பொருள் குடிநீர், அதோடு தெருவிளக்கும் குப்பையும். குடிநீரைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம். பல் மஞ்சளாவதும் எலும்பு வளைவதும் இங்கே பழைய கதை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாயில் போடப்பட்டு, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீரைக் குடிநீர் வாரியம் ஊர் வரை கொண்டு வருகிறது. அங்கிருந்து தொட்டிக்கு ஏற்றித் தெருவுக்கு விடுவது ஊராட்சி. அளவு குறைந்த நாளில், அல்லது திருவிழா வந்தால், ஆபரேட்டர் பழைய போர் மோட்டாரைப் போட்டு அதே தொட்டியில் கலந்துவிடுவார். ஒரு லிட்டரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. போர் தண்ணீரில் 3 இருந்து, ஒரு பங்கு போரும் ஒரு பங்கு காவிரியும் கலந்தால், தொட்டியில் 1.5ஐ ஒட்டி நிற்கும். இரண்டு பங்கு போர் என்றால் தாண்டிவிடும். கோடிக்கணக்கில் செலவழித்துக் கொண்டு வந்த தண்ணீரின் பயனை ஒரு மோட்டார் சுவிட்ச் அழித்துவிடுகிறது. சமையலுக்கும் குடிக்கவும் காவிரி, புழக்கத்துக்குப் போர் என்று குழாயையும் தொட்டியையும் பிரித்தால்தான் இது தீரும். அதைத் தீர்மானமாகப் போட்டு ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏற்றலாம். நிதிக்குழு மானியத்தில் குடிநீர், துப்புரவுக்கென்று கட்டிவைத்த பங்கில் இதற்குப் பணம் உண்டு.

அடுத்து, யாருக்கு முதலில் தண்ணீர் என்ற கேள்வி. 30,000 லிட்டர் தொட்டி ஒருமுறை நிரம்பினால், ஆளுக்கு 55 லிட்டர் கணக்கில் சுமார் 545 பேருக்குப் போதும். ஊரும் காலனியும் சேர்ந்து ஆயிரம் பேர் என்றால் இரண்டு முறை ஏற்ற வேண்டும். மின்சாரம் ஒரு வேளைதான் வந்தால், கேட் வால்வை முதலில் எந்தப் பக்கம் திறக்கிறார்களோ அந்தப் பக்கம் நிரம்பும். காலனி பெரும்பாலும் குழாயின் கடைசியில் இருக்கும். அழுத்தம் போதாது, நடுவில் ஊர்க்காரர்கள் மோட்டார் வைத்து உறிஞ்சினால் காற்றுதான் வரும். தலைவர் காலனிக்காரராகவே இருக்கட்டும். வால்வுச் சாவி பழைய ஆபரேட்டரிடம், அவர் ஊர்த்தெருக்காரர், அவரை மாற்ற மன்றத்தின் நியமனக் குழு கூட வேண்டும், அதில் பெரும்பான்மை வேறு பக்கம். ஆளை மாற்றும் சண்டையில் இறங்குவதைவிடக் காலனி வரிசைக்குத் தொட்டியிலிருந்தே தனி இறங்குகுழாயும் தனி வால்வும் போடுவது புத்திசாலித்தனம். செலவும் கம்மி, யாரையும் மாற்ற வேண்டியதில்லை. தண்ணீர் விடும் நேரத்தைத் தொட்டித் தூணில் பெயிண்டால் எழுதிப் போடுவதும் அப்படித்தான்.

பணத்தைப் பற்றி ஒன்று. ஓசூர், சூளகிரிப் பக்கம் தொழிற்சாலையும் புதுக் குடியிருப்பும் உள்ள ஊராட்சிகளுக்கு வீட்டுவரி, தொழில்வரி, கட்டட அனுமதிக் கட்டணம் என்று சொந்த வருவாய் இருக்கிறது. அஞ்செட்டிப் பக்கம் வீட்டுவரி வசூலித்து அலுவலகக் கரண்ட் பில் கட்டினால் பெரிய காரியம். மலை ஊராட்சி முழுக்க முழுக்க மேலிருந்து வரும் மானியத்தில் நிற்கிறது. மானியத்தில் எதற்குச் செலவழிக்கலாம் என்பதும் மேலேயே எழுதி வருகிறது. எனவே பழங்குடித் தலைவருக்குக் கிடைக்கும் முடிவெடுக்கும் இடம், ஓசூர்ப் பக்கத்துத் தலைவருக்கு இருப்பதில் ஒரு சிறு துண்டுதான்.

பதவியிலிருந்து இறக்கும் வழி

கிராம ஊராட்சித் தலைவர் மீது உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு நீக்க முடியாது. பிரிவு 205இன்படி நீக்கும் அதிகாரம் ஆட்சியருக்கு. புகாரின் மேல் அவர் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுப்பார். விளக்கம் திருப்தி தராவிட்டால் வட்டாட்சியர் மன்றக் கூட்டத்தைக் கூட்டி, நோட்டீஸையும் விளக்கத்தையும் படித்து, உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்து அனுப்புவார். அதன் பிறகுதான் ஆட்சியர் முடிவெடுப்பார். அரசிடம் முறையிடலாம். எதிர்ப்பவர்கள் எண்ணிக்கையில் பெரும்பான்மை என்பதால் மட்டும் தலைவர் போய்விட மாட்டார். கணக்கில் குற்றம் காட்டியாக வேண்டும்.

இங்கேதான் புதிய தலைவர்கள் மாட்டுகிறார்கள். செயலர் நீட்டிய இடத்தில் கையெழுத்து. எம்.புக்கில் அளவு எழுதும் முன்பே பில். ரொக்கப் புத்தகத்தில் தேதி முன்பின். ஊழல் செய்யாதவர்கள்கூட இந்த மூன்றில் அகப்படுவார்கள். பிறகு கையெழுத்து அதிகாரத்தை மட்டும் தலைவரிடமிருந்து எடுத்து பிடிஓவிடம் கொடுப்பதும் நடக்கிறது. அவசர கால அதிகாரமான பிரிவு 203ஐக் காட்டி அப்படிச் செய்ததை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. தற்காப்பு எளிய விஷயங்களில் இருக்கிறது. எதிர்ப்பு இருந்தாலும் மன்றக் கூட்டத்தை விடாமல் கூட்டுவது. துணைத்தலைவர் கையெழுத்து மறுத்த பில் ஒவ்வொன்றுக்கும் தேதியோடு எழுத்தில் கேட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை பிடிஓவுக்கும் ஊராட்சிகள் உதவி இயக்குநருக்கும் அனுப்புவது. வாய்ச்சண்டைக்கு ரசீது கிடையாது.

தலைவரே இல்லாத காலம்

அரசியல் சட்டம் 243இ, ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கச் சொல்கிறது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல், பழங்குடியினர் ஒதுக்கீடு சரியாக இல்லை என்று தொடுத்த வழக்கில், அறிவிக்கை விதிப்படி இல்லை என்று அக்டோபர் 4 அன்று ரத்தானது. பிறகு மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் ஓட்டுப்பதிவு நடந்தது; தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதில் உண்டு. அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள்.

கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் பிடிஓதான். 251ஐப் பத்தால் வகுத்தால் ஒருவர் தலையில் 25 ஊராட்சி, கிருஷ்ணகிரியில் 33. மாதத்தில் ஒரு நாள்கூட ஓர் ஊருக்குக் கிடைக்காது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாவிட்டால் ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியமும் தடைபடும். முந்தைய இடைவெளியில் அப்படி நின்றது. இடஒதுக்கீட்டில் வந்த பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் இந்த இடைவெளியில் நடப்பது என்னவென்றால், அலுவலகத்தில் கிடைத்த பழக்கம் அறுந்து போகிறது. ஊர்ப் பெரியவர்கள் பிடிஓவைப் பார்க்கப் பதவி தேவையில்லை, முன்பும் தேவைப்பட்டதில்லை.

2025இல் வந்த சட்டத்திருத்தம் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க வழி செய்தது. ஊராட்சி அலுவலகங்கள் பலவற்றில் வாசலில் மூன்று படி, கைப்பிடி கிடையாது, கழிப்பறை பின்பக்கம். நியமன ஆணைக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை அந்தச் சாய்தளம். ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், இல்லாவிட்டால் சக்கர நாற்காலியை ஆள் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கும். பல இடங்களில் கட்டியிருப்பது மோட்டார் சைக்கிள் ஏற்றுகிற சரிவு.

மன்றம் இல்லாத காலத்திலும் கிராம சபை நடந்தாக வேண்டும், படிவம் 30 வைத்தாக வேண்டும். அதைவிட முக்கியம், வார்டு மறுவரையறை வரைவு ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்படும் நாட்கள். மறுப்புச் சொல்லக் கொடுக்கும் அவகாசம் சிறியது. பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் பழைய தலைவரும் அவரது ஆட்களும்தான். வரைவில் தெருப்பெயரும் கதவு எண்ணும் இருக்கும். இருளர் குடியிருப்பின் முதல் வீட்டு எண்ணையும் கடைசி வீட்டு எண்ணையும் எடுத்துக்கொண்டு போய், இரண்டும் ஒரே வார்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் எந்த எண் முதல் எந்த எண் வரை எந்த வார்டுக்கு மாற வேண்டும் என்று எழுதி, வாக்காளர் பட்டியலின் அந்தப் பக்கத்தை இணைத்து, ஒப்புகைச் சீட்டோடு கொடுக்க வேண்டும். ‘எங்கள் ஊரைப் பிரிக்காதீர்கள்’ என்று மட்டும் எழுதிய மனுக்கள் ஒரு வரிப் பதிலோடு முடிந்துவிடும்.